மிளகாயா, திருநீற்றுப்பச்சையா, கொத்தமல்லியா? மாடியில் முதல் கலப்புக்கு எந்தச் செடி

போன தை மாதம் ஒரு விதைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மூக்குத்தி அவரை விதையைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கேட்டான்: "அக்கா, புதினாவையும் துளசியையும் கலந்து ஒரு செடி எடுக்க முடியுமா?" முடியாது என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டும் ஒரே குடும்பம்தான். தண்டைத் தடவினால் நாலு பட்டை தெரியும், பூ உதடு பிரிந்தாற்போல இருக்கும். ஆனால் பங்காளி முறை. சம்பந்தம் பண்ண முடியாது. "அப்ப எதைத்தான் கலக்கலாம்?" என்றான்.

நின்ற இடத்தில் அதற்குப் பதில் வரவில்லை. கலக்க முடிகிற செடிகள் நிறைய உண்டு. கலந்து, விதை எடுத்து, முளைக்கவைத்து, அதில் நல்லதைப் பொறுக்கி, பொறுக்கியதைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள முடிகிற செடிகள்தான் கொஞ்சம். திருச்சியில் ஒரு மொட்டை மாடியில் ஒன்பது வருஷமாக நான் செய்து கெடுத்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை அந்தப் பையனுக்கான பதிலாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நாம் "ஒட்டு" என்கிற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். ஒட்டு மாங்கன்று என்றால் ஒரு மரத்தின் குச்சியை இன்னொன்றின் வேர்மேல் ஒட்டவைத்தது. அதில் புதிய ரகம் எதுவும் பிறப்பதில்லை. வீரிய ஒட்டு விதை என்றால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் சேர்த்துப் பிறந்தது. நான் பேசுவது இரண்டாவது. குழப்பம் வேண்டாம் என்று கலப்பு என்றே எழுதுகிறேன்.

சமையலறைச் செடி என்றால் எல்லோரும் இலையை முகர்ந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். கலப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்க்க வேண்டும். மொட்டு விரலுக்கு அடங்குமா? ஒரு பூவுக்கு எத்தனை விதை? இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும், இதை நான் மிகவும் தாமதமாகத்தான் கேட்டேன்: பிறந்த பிள்ளை நல்லதா கெட்டதா என்று எத்தனையாவது வாரத்தில் தெரியும்? இந்த மூன்றாவது கேள்விதான் என் மாடியில் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

மிளகாய்: கை பழகுவதற்கு

மிளகாயைக் கீரை மூலிகையோடு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்க வேண்டாம்தான். ஆனால் கலப்பு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் மாடியில் கிடையாது.

மாலை ஐந்தரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்தபின் செடி முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். நாளைக் காலையில் விரியப்போகிற மொட்டு தெரியும்: பச்சை போய் வெளுத்து, அரிசிப்பொரி மாதிரி உப்பி, ஆனால் இதழ் இன்னும் மூடியே இருக்கும். காம்பை இடது கை விரலில் தாங்கிக்கொண்டு, ஊசிமுனை இடுக்கியால் இதழை அடியில் பிடித்து மெல்ல இழுத்தால் இதழ் ஒரே வளையமாகக் கழன்று வரும். அதோடு மகரந்தப்பைகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வராதவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஐந்தோ ஆறோ இருக்கும், கத்தரிப்பூ நிறத்தில். அவை வெடிக்காமல் முழுதாக இருந்தால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். வெடித்து வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தப் பூ தன்னோடு தானே சேர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். எல்லாம் எடுத்தபின் நடுவில் ஒரு பச்சைக் குச்சி மட்டும் நிற்கும், முனையில் பொட்டு வைத்தாற்போல ஈரம். மறுநாள் காலை அப்பாச் செடியிலிருந்து நன்றாக வெடித்த ஒரு பூவைப் பறித்து வந்து அந்தப் பொட்டில் தொட்டுத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நூல் கட்டி, கிளையில் இருக்கிற மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள்.

நான் செய்கிற பத்தில் மூன்று நான்குதான் பிடிக்கும். சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் சும்மாவே பூவை உதிர்க்கும். கார்த்திகை முதல் மாசி வரைதான் இந்த வேலைக்குக் காலம். ஆனால் பிடித்த ஒரு பழத்தில் ஐம்பதுக்குக் குறையாமல் விதை இருக்கும். ஒரு பழம் பழுத்தால் ஒரு பரம்பரைக்கு விதை கிடைத்துவிடும். இதுதான் மிளகாயின் பெரிய கொடை.

(முதல் வருஷம் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு காய். நூல் கட்டி வைத்திருந்தேன். அத்தை அதைப் பச்சை மிளகாய் என்று பறித்து, நூலோடு கொண்டுவந்து, "இதுல என்னடி நூல் சுத்தியிருக்கு" என்று கழற்றிப் போட்டுவிட்டு ரசத்தில் கிள்ளிப் போட்டார். அன்றிலிருந்து சிவப்பு ரிப்பன்.)

கலப்பு பலித்ததா, இல்லை தெரியாமல் தன் மகரந்தமே விழுந்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிகிற குணம் ஓங்குகிற குணம்; இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரிகிறது பின்தங்குகிற குணம். அம்மாச் செடியில் பின்தங்குகிற குணமும் அப்பாச் செடியில் ஓங்குகிற குணமும் இருக்கும்படி ஜோடி சேர்க்க வேண்டும். காய் வானம் பார்ப்பது பின்தங்கும் குணம், தொங்குவது ஓங்கும் குணம். நான் நர்சரியில் தொட்டிக்கு விற்கிற வானம் பார்த்த மிளகாயை அம்மாவாகவும் சம்பா மிளகாயை அப்பாவாகவும் வைத்தேன். முதல் தலைமுறையில் காய் தொங்கினால் கலப்பு உண்மை. நிமிர்ந்து நின்றால் ஏமாந்தேன் என்று அர்த்தம். தொங்கியது. அன்று மாடியில் தனியாக நின்று சிரித்தேன். காரமும் இப்படித்தான்: குடைமிளகாயைக் காரமான ஒன்றோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கக் காரம், அது தன்னோடு தானே சேர்ந்து பிறக்கிற இரண்டாம் தலைமுறையில் சுமாராக நாலில் ஒன்று காரமில்லாமல் வரும். எந்த நாலில் ஒன்று என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் கடிக்க வேண்டும், பக்கத்தில் தயிர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு.

காந்தாரியை இதில் இழுக்காதீர்கள். அது வேறு இனம். சாதாரண மிளகாயோடு சேராமல் போகாது, ஆனால் விதை பிடிப்பதும் முளைப்பதும் இழுபறி. முண்டு மிளகாய்க்காரர்களுக்கும் ஒரு சொல்: ராமநாதபுரம் முண்டு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நீங்கள் அதை வேறு எதனோடாவது கலந்து எடுத்தது எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் முண்டு இல்லை. அந்தப் பெயரில் யாருக்கும் விதை கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்தபின் மிளகாயின் குறை. முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கூத்து இரண்டாம் தலைமுறையில்தான். அதில்தான் தாத்தா பாட்டி குணங்கள் பிரிந்து பிரிந்து வரும். பின்தங்கும் குணம் ஒன்று வேண்டுமென்றால் நாலில் ஒரு செடியில் கிடைக்கும். நூற்றுக்கு 95 பங்கு நிச்சயத்தோடு ஒன்றையாவது பார்க்க 11 செடி வளர்க்க வேண்டும். இரண்டு குணங்கள் ஒரே செடியில் வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று, அதற்கு 47 செடி. மூன்று என்றால் அறுபத்து நாலில் ஒன்று, 191 செடி. மிளகாயின் குணம் காயில் இருக்கிறது. ஆகவே 47 செடிக்கும் 47 பை, மண், தண்ணீர், நாலு மாதம். என் மாடியில் துணி காயப்போடவும் இடம் வேண்டும்.

அதோடு பிடித்த செடியை நிலைநிறுத்துவது தனி வேலை. ஒவ்வொரு தலைமுறையும் தன்னோடு தானே சேரும்போது, இரு பெற்றோர் குணமும் கலந்து இன்னும் நிலைப்படாமல் இருக்கிற பங்கு பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் மூன்று சதவீதம் சொச்சம். வருஷத்துக்கு இரண்டு தலைமுறை எடுத்தாலும் மூன்று வருஷம் ஓடிவிடும்.

திருநீற்றுப்பச்சை: என் ஓட்டு இதற்கு

சப்ஜா விதை என்று சர்பத்தில் போடுகிறோமே, அந்த விதை தருகிற செடிதான் திருநீற்றுப்பச்சை. இத்தாலிக்காரர் பேசில் என்று பாஸ்தாவில் போடுவதும் இதே இனம், வேறு ரகம். நம் ஊர் வகையில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். இத்தாலி வகையில் கிராம்பும் பூவும் கலந்த வாசனை. இரண்டையும் கலக்கலாம். ஊதா இலை வகையோடும் கலக்கலாம்.

பூ மிளகாயைவிடச் சின்னது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கதிரில் அடுக்கடுக்காக, ஒரு அடுக்குக்கு ஆறு பூ. நாளை விரிகிற மொட்டு, பச்சைக் குப்பியிலிருந்து வெள்ளைத் தலையை அரிசி முனை அளவுக்கு நீட்டியிருக்கும். அந்தத் தலையைப் பிடித்து நேராக இழுத்தால் இதழ்க்குழாயோடு நாலு மகரந்தக் கம்பிகளும் வந்துவிடும், ஏனென்றால் அவை குழாயிலேயே ஒட்டியிருக்கின்றன. உள்ளே மயிரிழை மாதிரி ஒரு தண்டு மட்டும் மிஞ்சும். மறுநாள் அதன் முனை பாம்பு நாக்குபோல இரண்டாகப் பிளந்திருக்கும்போது மகரந்தம் வைக்க வேண்டும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கிறது. ஒரு அடுக்கில் இரண்டு மூன்று மொட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுவது நல்லது. கதிருக்கு மெல்லிய வலைப்பை மாட்டாவிட்டால் காலை எட்டு மணிக்குள் தேனீ வந்து நமக்கு முன் வேலையை முடித்துவிடும். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற சின்ன வலைப்பைகள் இருக்கின்றனவே, அவற்றைச் சேர்த்து வைத்தால் போதும்.

ஒரு பூவுக்கு நாலு விதை, அதற்குமேல் வராது. இருபது பூ கலந்தால் முப்பது நாற்பது விதை கையில் நிற்கும். குப்பி பழுப்பானதும் உள்ளங்கையில் கசக்கினால் கறுப்பு விதை விழும். மூன்று நாலு வாரம் பொறுத்தால் போதும்.

மிளகாய் ஐம்பது விதை தருகிற இடத்தில் இது நாலு. அப்புறம் ஏன் இதற்கு ஓட்டு? ஏனென்றால் இதன் குணம் இலையில் இருக்கிறது. நாலு இலை விட்ட நாற்றைக் கிள்ளி முகர்ந்தால் சொல்லிவிடலாம். 98 குழி நாற்றுத்தட்டு ஒன்று, ஒரு பேப்பர் விரிக்கிற இடம், அதில் இரண்டாம் தலைமுறை முழுவதையும் விதைத்து ஐந்தாவது வாரத்தில் ஒரு காலைப்பொழுதில் 90 செடியைக் கழித்துவிடலாம். மிளகாய்க்கு 47 பை கேட்ட அதே கணக்கு இங்கே ஒரு தட்டில் முடிகிறது. வேண்டாத நாற்றுகள்கூட வீணில்லை, சட்னியில் போகும்.

கலப்பு பலித்ததா என்று பார்க்க ஊதா நிறம் உதவும். பச்சை இலைச் செடியை அம்மாவாக வையுங்கள், ஊதா இலையை அப்பாவாக. முளையில் ஊதா ஓடியிருந்தால் கலப்பு. சுத்தப் பச்சை என்றால் அம்மா தனியாகப் பெற்றது. என் முதல் தட்டில் 26 முளைத்ததில் 17 ஊதா. மற்ற ஒன்பதும் என் கை நடுக்கத்தின் கணக்கு.

ஒரு எச்சரிக்கை: இந்த ஊதா நிலையில்லாத நிறம். ஊதாப் பேசில்களில் பெயர் பெற்ற டார்க் ஓபல் அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 1950களில் உருவாக்கப்பட்டு, 1962இல் அந்நாட்டின் தோட்ட ரகங்களுக்கான விருது பெற்றது. அதன் விதையை விதைத்தால் இன்றைக்கும் நடுநடுவே பச்சை, திட்டுத்திட்டான செடிகள் வரும். ஆகவே வாங்கிய பாக்கெட்டில் முழு ஊதாவாக இருப்பதை மட்டும் அப்பாவாக வையுங்கள்.

அந்த டார்க் ஓபலின் இன்னொரு பிள்ளைதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1983இல் ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில் நர்சரி வைத்திருந்த பீட்டர் போர்ச்சர்ட், தன் பாத்திகளுக்கு நடுவே புதிதாக ஒரு செடி தானாக முளைத்திருப்பதைப் பார்த்தார். பக்கத்துப் பாத்தியில் இருந்த ஆப்பிரிக்கக் கற்பூரத் துளசியும் டார்க் ஓபலும் தேனீ புண்ணியத்தில் சேர்ந்து பிறந்தது. ஆப்பிரிக்கன் புளூ என்று உலகம் முழுக்க இன்றைக்கு விற்கிறது. அது மலடு, விதையே வைக்காது. குச்சி ஒடித்து நட்டுத்தான் இத்தனை வருஷமும் பெருகியிருக்கிறது. போர்ச்சர்ட் மகரந்தம் எதையும் தொடவில்லை. களை என்று பிடுங்கிப் போடாமல் நின்று பார்த்தார்.

குச்சி நட்டால் வேர் விடும் என்பதுதான் திருநீற்றுப்பச்சையின் இரண்டாவது பலம். ஆறு தலைமுறை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் தலைமுறையில் ஒரு செடி மனதுக்குப் பிடித்துவிட்டால் அதன் நுனியை ஒடித்து டம்ளர் தண்ணீரில் போட்டால் பத்து நாளில் வேர். அந்த ஒரு செடியே ரகம். ஆனால் இதன் பலவீனமும் அங்கேயேதான்: ஆறேழு மாதத்தில் தண்டு கட்டையாகிவிடும், குச்சியை மறுபடி மறுபடி புதுப்பிக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் ரகமே அழிந்திருக்கும். எனக்கு ஒருமுறை அழிந்தது. இப்போது பிடித்த எதற்கும் பக்கத்து வீட்டில் ஒரு தொட்டி வைத்துவிடுகிறேன்.

துளசியோடு கலக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாடத்தில் இருக்கிற துளசி வேறு இனம், குரோமோசோம் எண்ணிக்கையே ஒத்துப்போகாது. வீட்டில் முயன்றால் பெரும்பாலும் வெறும் குப்பிதான் மிஞ்சும். நாய்த்துளசி வேறு கதை. திருநீற்றுப்பச்சையும் நாய்த்துளசியும் இயற்கையிலேயே சேர்ந்து பிறந்ததுதான் எலுமிச்சை வாசனைத் துளசி. வயல் வரப்பில் சும்மா கிடக்கிற நாய்த்துளசியை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

புதினா: டொரண்டோ உறவினருக்குச் சொல்லுங்கள்

புதினாதான் பெரும்பாலோர் முதலில் கேட்பது, நானும் முதலில் தொட்டது. பாடம் சீக்கிரம் கிடைத்தது: பூக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் என் வீட்டில் இரண்டே முறை பூத்தது. புதினா நீண்ட பகல் கேட்கிற செடி. திருச்சியில் ஆனி மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. ஊட்டி, கொடைக்கானலில் குளிர் கிடைக்கலாம், பகல் நீளாது. அவையும் இதே அட்சரேகைப் பக்கம்தான். டொரண்டோவில் ஜூன் மாதம் 15 மணி நேரத்துக்கு மேல் பகல், லண்டனில் 16க்கும் மேல். அங்கே கொல்லைப்புறம் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இது மிளகாயைவிடச் சுலபமாக அமையலாம். புதினாவில் ஆண் பகுதி வேலை செய்யாத செடிகள் தானாகவே உண்டு. அதை அம்மாவாக வைத்தால் இடுக்கி வேலையே இல்லை.

இல்லினாய் மாநிலத்தில் விடுதி நடத்திய ஜிம் வெஸ்டர்பீல்ட் என்பவர் பொழுதுபோக்காகப் புதினாக்களைக் கலந்து கலந்து பல புதிய வகைகளை எடுத்தார். அவற்றை நர்சரிகள் இன்றும் விற்கின்றன. படித்தபோது பொறாமையாக இருந்தது.

மிளகுப்புதினாவே ஒரு கலப்புதான். நீர்ப்புதினாவில் 96 குரோமோசோம், நாம் சமைக்கிற வகைப் புதினாவில் 48. ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வந்து சேர்ந்து பிறந்ததில் 72. இந்தக் கணக்கு சரியாக ஜோடி சேராததால் அது மலடு. 1696இல் தாவரவியலாளர் ஜான் ரே இங்கிலாந்தில் அதைப் பதிவு செய்ததிலிருந்து இன்றுவரை வேர்த்தண்டு பிரித்துத்தான் பெருகுகிறது. லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் ஜப்பான் புதினாவையும் சமையல் புதினாவையும் கலந்து நீர்கல்கா என்று ஒன்றை எடுத்திருக்கிறது. நம் நாட்டிலும் நடக்கிற வேலைதான், ஆனால் என் மாடியில் நடக்காது.

தூரத்துச் சொந்தங்களைக் கலப்பதில் நம் பக்கத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் நாட்டுக் காட்டு நாணலைக் கரும்போடு சேர்த்து 1918இல் கோ 205ஐ வெளியிட்டது. அங்கே வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்போடு மக்காச்சோளத்தைக்கூடக் கலந்தார். அந்தப் பையன் கேட்ட கேள்வியில் தப்பில்லை. அவனிடம் ஒரு ஆய்வகம் இல்லை, அவ்வளவுதான்.

கொத்தமல்லி: கலக்காதீர்கள், பொறுக்குங்கள்

கொத்தமல்லிப் பூவைக் கையால் கலக்க நான் இரண்டு பருவம் முயன்றேன். குடைபோல விரிந்த கொத்தில் கடுகு அளவுப் பூக்கள்; ஒரு பூவுக்கு இரண்டே விதை, அதாவது தனியாவை உருட்டி உடைத்தால் வருகிற இரண்டு பாதிகள். அதிலும் ஒரே பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும், சூல்முடி பிறகுதான் தயாராகும். ஒரு கொத்தில் முப்பது பூவை இடுக்கியால் சீர்செய்துவிட்டு நிமிர்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கிடைத்தது ஆறு விதை. முளைத்தது இரண்டு.

பிறகுதான் உறைத்தது. கொத்தமல்லியைத் தேனீயும் ஈயும் எப்படியும் கலந்துகொண்டேதான் இருக்கின்றன. கடையில் வாங்குகிற தனியாவில் பலவும் கலப்புதான். எனக்குப் புதுக் கலப்பு தேவையில்லை. எனக்குத் தேவை, வெயில் லேசாக ஏறினாலே பூத்தண்டு கிளம்பி இலை நூலாகிப்போகிற அந்தப் பிரச்சினைக்குத் தீர்வு. அதற்கு இப்படிச் செய்தேன்: ஐப்பசியில் ஒரு பாத்தி முழுக்க விதைப்பது. முதலில் பூத்தண்டு விடுகிற செடிகளைப் பூ விரியும் முன்பே வேரோடு பிடுங்கிச் சமையலறைக்கு அனுப்பிவிடுவது. இது முக்கியம், அவசரக்காரனின் மகரந்தம் பொறுமைசாலிமேல் விழக் கூடாது. கடைசியில் நிற்கிற இருபது முப்பது செடிகளை மட்டும் பூக்கவிட்டு, மாசி பங்குனியில் விதை எடுத்து, அடுத்த ஐப்பசியில் அதையே விதைப்பது. இருபதுக்குக் கீழே போகாதீர்கள். சொந்தத்துக்குள்ளேயே சுருங்கினால் நாலைந்து வருஷத்தில் வீரியம் குறைந்துவிடும்.

நாலாவது வருஷத்தில் கடைத் தனியாவையும் என் விதையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தேன். என்னுடையது ஒன்பது நாள் தாமதமாகப் பூத்தது. ஒன்பது நாள் என்றால் இன்னும் இரண்டு அறுப்பு இலை. ஒரு இடுக்கியும் தொடாமல், ஒரு நூலும் கட்டாமல் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், என் எல்லாக் கலப்புகளையும்விட எங்கள் சமையலுக்கு உதவியது இதுதான். ஆனால் புதிதாக எதையாவது உண்டாக்கினேன் என்கிற திருப்தி இதில் வராது. அந்த ஆசையால்தானே நாம் இந்த வேலைக்கே வருகிறோம்.

மற்றவை

கறிவேப்பிலை மரம். விதையிலிருந்து பூக்க வருஷக்கணக்காகும். விதை பழத்திலிருந்து எடுத்த சில நாளிலேயே முளைப்புத்திறன் இழக்கும். செங்காம்பு ரகம் கிடைத்தால் நட்டுச் சந்தோஷமாக இருங்கள். கற்பூரவல்லி பூப்பதே அபூர்வம், விதை வைப்பது அதைவிட அபூர்வம். அதில் வெள்ளைக் கரை ஓடிய கிளை தானாக வந்தால் ஒடித்து நடலாம், அதுவே அதில் கிடைக்கிற ஒரே புதுமை. வெந்தயம் மொட்டுக்குள்ளேயே தன் காரியத்தை முடித்துக்கொள்ளும்.

சுரை, பீர்க்கன், பூசணிப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். பூ பெரிசு, கலப்பது குழந்தை விளையாட்டு, உண்மைதான். ஆனால் பேய்ச்சுரைக் கசப்பு எப்போது எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது, அந்தக் கசப்பு நஞ்சு. நான் சொன்ன இலைச் செடிகளில் அந்தப் பயம் இல்லை, இரண்டு பெற்றோரும் சாப்பிடுகிற செடிகளாக இருக்கும்வரை.

சட்டம் பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் கடை விதையைப் பெற்றோராக வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவு பெற்ற ரகத்தையும் புதிய ரகம் உண்டாக்க மூலமாகப் பயன்படுத்த இடம் தருகிறது. ஒரே பதிவு ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்து வணிகத்துக்கு விதை உற்பத்தி செய்யத்தான் அனுமதி வாங்க வேண்டும். மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்குக் கவலை வேண்டாம்.

அப்போது எது?

பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறீர்களா, கண் பார்வை கொஞ்சம் மங்கலா, அல்லது இதுவரை ஒரு மொட்டையும் பிரித்துப் பார்த்ததில்லையா, ஒரு பருவம் மிளகாயில் உட்காருங்கள். முதல் தலைமுறைக் காய் தொங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். 47 பைக்கு ஆசைப்படாதீர்கள், நிலம் இருந்தால் ஒழிய. கை பழகியதும் திருநீற்றுப்பச்சைக்கு வாருங்கள். நாலு மணி நேரம் வெயில் விழுகிற பால்கனி மட்டும் இருக்கிறவர்கள் நேராகவே அதில் தொடங்கலாம், முதல் இருபது பூ வீணாகும் என்று தெரிந்துகொண்டு. கொத்தமல்லிப் பொறுக்கலை எதைச் செய்தாலும் கூடவே செய்யுங்கள். அதற்கென்று தனி நேரம் தேவையில்லை.

இந்த வருஷம் நான் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சையை அம்மாவாகவும் இத்தாலி வகையை அப்பாவாகவும் வைத்து எடுத்த இரண்டாம் தலைமுறைத் தட்டு ஆவணியில் தயாரானது. ஒரு காலையில் 98 குழியையும் முகர்ந்து முடித்தபோது காப்பி வாசனைகூடத் தெரியாத அளவுக்கு மூக்கு மரத்துவிட்டது. 31ஆம் குழியில் ஒன்று: சோம்பு முன்னால் வந்து, பின்னால் கிராம்பு நிற்கிற மாதிரி. ஒரு இலையைக் கிள்ளி அத்தையிடம் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "இது எதுக்கு ஆகும்?" என்றார். ரசத்துக்கு என்றேன். அன்று ரசத்தில் போட்டோம், நன்றாக இல்லை. மறுநாள் எலுமிச்சை சர்பத்தில் இரண்டு இலை கசக்கிப் போட்டேன். அத்தை இரண்டாவது டம்ளர் கேட்டார். இப்போது அதன் ஆறு குச்சிகள் சமையலறை ஜன்னலில் தண்ணீரில் நிற்கின்றன. நாலில் வேர் தெரிகிறது.